பெயர் மறைந்த காப்பியும் பெயர் மறைந்த பாட்டும்

காப்பியின் வரலாற்றை எழுதப் புகுவோர் ஒரு சூஃபியின் பெயரைச் சொல்லாமல் தொடங்குவது அரிது. பதினேழாம் நூற்றாண்டில் ஹஜ்ஜுக் கடமையை முடித்துத் திரும்பிய பாபா புதன் அவர்கள், யமன் நாட்டு மோக்கா துறையிலிருந்து ஏழு காப்பி விதைகளை மறைத்துக் கொணர்ந்து, கன்னட நாட்டுச் சந்திரகிரி மலையில் விதைத்தார்கள் என்பது மரபு. அம்மலை இன்று அப்பெரியாரின் பெயரையே தாங்கி நிற்கிறது. நம் சேர்வராயன் மலைக்குக் காப்பி வந்தது 1820-களில். சேலத்துக் கலெக்டராயிருந்த காக்பர்ன் துரை அதனை இங்கே பயிரிடச் செய்தார். ஏற்காட்டைச் சூழ்ந்தும், அதற்கப்பால் மாரமங்கலம் முதலிய மலையூர்களை நோக்கியும் செல்வோர், ஓங்கிய மரங்களின் நிழலில் காப்பிச் செடியும், அம்மரங்களையே பற்றிப் படரும் மிளகுக் கொடியும் சேர்ந்து வளர்வதைக் காண்பர்.

இவ்வளவு பழைமையுடைய மலைக் காப்பியின் பெயரை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? கடையில் காப்பித்தூள் வாங்குவோர் கேட்பது வறுத்து அரைத்து விற்கும் நிறுவனத்தின் பெயரைத்தான். விளைந்த மலையின் பெயரை அன்று. இதற்குக் காரணம் உண்டு. உலகப் போரினால் ஏற்றுமதி தடைப்பட்ட காலத்தில், 1942-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, தோட்டக்காரர்கள் தம் விளைச்சலைக் காப்பி வாரியத்தின் பொதுத்தொகுப்பில் ஒப்படைக்க வேண்டியதாயிற்று. குடகுக் காப்பியும் நீலகிரிக் காப்பியும் சேர்வராயன் காப்பியும் அத்தொகுப்பில் கலந்தன. விலை வீழ்ச்சியிலிருந்து தோட்டக்காரரை அது காத்தது. ஆனால் இன்ன மலையில் இன்னார் விளைத்தது என்ற அடையாளத்தைத் துடைத்துவிட்டது. 1990-களில் படிப்படியாகத் தளர்த்தப்பட்ட இவ்வேற்பாடு 1996-இல்தான் முற்றிலும் நீங்கியது. அரை நூற்றாண்டுக்கு மேலாகச் சேர்வராயன் காப்பி பெயரற்ற காப்பியாகவே சந்தைக்குச் சென்றது.

பெயரற்ற அந்தக் காப்பிக்குப் பெயர் சூட்டிப் பாடிய பாட்டுக்கும் அதே கதி நேர்ந்தது என்பதைச் சொல்லவே இவ்வளவும் கூறினோம்.

விளம்பரப் பாட்டு என்றால் இலக்கியம் அறிந்தோர் முகம் சுளிப்பதுண்டு. சரக்கு விற்கும் பாட்டில் என்ன கலை என்பார்கள். ஆயினும் நம் வீடுகளில் ஒரு தலைமுறையார் மனப்பாடமாய் வைத்திருக்கும் இசைத்துணுக்குகளை எண்ணிப் பார்த்தால், அவற்றுள் பாதி வானொலியும் தொலைக்காட்சியும் தந்த விளம்பரங்களே என்பது புலப்படும்.

அகில இந்திய வானொலி நெடுங்காலம் விளம்பரத்தை ஏற்கவில்லை. 1952-இல் அமைச்சர் பொறுப்பேற்ற கேஸ்கர், திரைப்பாடல்களையும் விலக்கி வைத்தார். நேயர்கள் பெட்டியின் முள்ளைக் கொழும்பின் பக்கம் திருப்பினார்கள். இலங்கை வானொலி 1950 செப்டம்பரிலேயே வர்த்தக ஒலிபரப்பைத் தொடங்கியிருந்தது. பற்பசை நிறுவனம் ஒன்றின் செலவில் அமீன் சயானி நடத்த, அங்கிருந்து ஒலிபரப்பான ‘பினாக்கா கீத் மாலா’ வடநாட்டையே கட்டிப்போட்டது. தமிழ்ப் பிரிவின் அறிவிப்பாளர் பி.எச். அப்துல் ஹமீதின் தெளிந்த உச்சரிப்பைக் கேட்டு நல்ல தமிழ் பேசக் கற்றோர் இக்கரையிலும் பலர். கோபால் பல்பொடியின் புகழை நாடு நாடாக எண்ணிச் சொல்லும் விளம்பரத்தை அக்கால நேயர்கள் இன்றும் பிசகாமல் ஒப்பிப்பார்கள். விற்பனைக் குரலை வீட்டுக்குள் விருந்தாளியாய் அழைத்து வந்தது இலங்கை வானொலியே.

இழந்த நேயர்களை மீட்க, 1957-இல் விவிதபாரதி தோன்றியது. அதில் விளம்பரங்கள் 1967 நவம்பரில் பம்பாய், பூனா, நாகபுரி நிலையங்களில் தொடங்கி, 1969-இல் சென்னைக்கும் திருச்சிக்கும் வந்தன. 1976 முதல் தொலைக்காட்சியும் விளம்பரங்களை ஏற்றது.

ஜப்பான் நாட்டின் கதையை இங்கே ஒப்புநோக்குவது பயன்தரும். அங்கே தனியார் வானொலி தோன்றியது 1951 செப்டம்பரில். அம்மாதமே ஒலித்த முதல் விளம்பரப் பாட்டு, கொனிஷிரோகு என்னும் புகைப்படச் சுருள் நிறுவனத்துக்காக மிகி தோரிரோ என்பார் இயற்றியது. பொழுதுபோக்காகப் படம் பிடிக்கும் ஒருவனின் தடுமாற்றங்களைச் சொல்லும் அந்த வேடிக்கைப் பாட்டில், நிறுவனத்தின் பெயரே இடம்பெறவில்லை! பின்னர் அந்நாட்டில் இத்தகைய பாட்டுகள் பல்கிப் பெருகின. அவற்றைத் தேடித் தொகுத்து, ஆக்கியோன் பெயர் குறித்து, இசைத்தட்டுகளாகவும் வெளியிட்டார்கள். மிகி தோரிரோவின் விளம்பரப் பாட்டுகள் மட்டுமே தனித் தொகுப்புகளாகக் கிடைக்கின்றன. சோப்புக்கும் மருந்துக்கும் பாடிய பாட்டை அவர்கள் இசை வரலாற்றின் ஒரு பகுதியாகவே கருதினார்கள்.

நம் நாட்டில்? லிரில் சோப்பின் அருவிப் பாட்டை அறியாதார் இலர். அதற்கு இசையமைத்தவர் மேலை இசையில் பெரும்புலமை பெற்ற வன்ராஜ் பாட்டியா என்பதை அறிந்தோர் மிகச் சிலர். தமிழிலோ அச்சிலரும் இல்லை. சேலத்து நரசுஸ் காப்பியின் விளம்பரத்தில் ‘பேஷ்’ என்று சொல்லிச் சுவைக்கும் வசனம் தமிழகத்துப் பேச்சு வழக்கிலேயே கலந்துவிட்டது. அதை எழுதியவர் யார் என்று நாம் யாரும் கேட்டதில்லை.

இந்த இருட்டில் ஒரு விளக்கு மட்டும் ஏற்றப்பட்டது, அதுவும் பின்னாளில். மலையாளத் திரையிசையில் உழைத்த ஆர்.கே. சேகர் 1976-இல் மறைந்தபோது, அன்னாரின் மகனுக்கு வயது ஒன்பது. குடும்பப் பாரம் தோளில் விழ, அச்சிறுவர் இசைக்குழுக்களில் விசைப்பலகை வாசித்துப் பிழைத்தார். 1987-இல் ஆல்வின் கைக்கடிகார விளம்பரத்துக்கு இசையமைக்கும் வாய்ப்பு வந்தது. தொடர்ந்து நூற்றுக்கணக்கான விளம்பரங்கள். 1980-களின் பிற்பகுதியில் குடும்பத்தோடு இஸ்லாத்தைத் தழுவி ஏ.ஆர். ரஹ்மான் ஆனார். ‘தீன் இசை மாலை’ என்னும் இஸ்லாமியப் பாடல் ஒலிநாடாவும் அத்தொடக்க காலத்தின் விளைச்சலே. லியோ காப்பி விளம்பரத்துக்கு அமைத்த இசைக்காக அவருக்கு விருது கிடைத்தது. அவ்விருது விழாவில் இயக்குநர் மணிரத்னத்தைச் சந்தித்தார். 1992-இல் ‘ரோஜா’ வெளிவந்தது. மற்றதை நாடறியும்.

இதனை நற்பேறு என்று மட்டும் சொல்லி நகர்ந்துவிட நம் மனம் ஒப்பவில்லை. முப்பது விநாடிக்குள் ஒரு மனநிலையை எழுப்பி, கேட்டவர் மறவாதபடி முடிக்க வேண்டும். அதுதான் விளம்பர இசையின் கண்டிப்பு. வீண் சுரத்துக்கு அங்கே இடமில்லை. இப்பயிற்சி தம் இசைக்குச் செறிவு தந்ததென ரஹ்மானே கூறியிருக்கிறார். திரையிசைக்கு வந்த பின்னரும் அவர் அப்பள்ளியை விட்டு விலகவில்லை. 2002-இல் ஏர்டெல் நிறுவனத்துக்கு அவர் அமைத்த மெட்டு, சொல் ஒன்றும் இன்றியே கோடிக்கணக்கான கைப்பேசிகளில் ஒலித்தது. திருக்குறளின் ஏழு சீர்களில் வியக்கும் நாம், முப்பது விநாடியை ஏன் இகழ வேண்டும்?

ஆணையிட்டு விற்பது சரக்கை நகர்த்தும், ஆனால் பரக்கத்தை அழிக்கும் என்ற கருத்துப்பட நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். விளம்பரங்களின் மிகையுரைக்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை. பொய் பொய்யே; இன்னிசை சேர்ந்தால் அது மெய்யாகிவிடாது. ஆனால் பாட்டமைத்தவன் செய்த வேலை வேறு; பொருளைப் பற்றி நிறுவனம் சொன்ன சொல் வேறு. பின்னதை வெறுப்பதற்காக முன்னதைப் புதைப்பது நீதியாகுமா?

லியோ காப்பியின் இசை இன்னாருடையது என்று நாம் அறிவதற்குக் காரணம், அவர் பின்னர் உலகப்புகழ் பெற்றார் என்பதே. அதே ஆண்டுகளில் அதே சென்னை ஒலிப்பதிவுக் கூடங்களில் பாட்டெழுதியோர், பாடியோர், தபேலாவும் வயலினும் வாசித்தோர் எத்தனையோ பேர். திரைப்படத்தில் பெயர்ப்பட்டியல் உண்டு, இசைத்தட்டில் பெயர்ச்சீட்டு உண்டு. விளம்பரத்தில் இரண்டும் இல்லை. ஊதியத்தைப் பெற்றுக்கொண்டு வெளியேறியதோடு அவர்தம் தொடர்பு முடிந்தது. ஒலிநாடாக்கள் ஈரத்தில் பூத்துப்போகின்றன. நினைவு வைத்திருப்போரும் முதுமை எய்திவிட்டார்கள்.

பொதுத்தொகுப்பு நீங்கிய பின், சேர்வராயன் தோட்டக்காரர் சிலர் தம் மலையின் பெயரை உறைமேல் அச்சிட்டு விற்கத் தொடங்கியுள்ளனர். பாட்டுக்காரர்களின் பெயர்களையும் அவ்வாறு மீட்கலாம். கொழும்பிலோ சென்னையிலோ திருச்சியிலோ விளம்பரப் பாட்டு எழுதியவர், பாடியவர், வாத்தியம் வாசித்தவர் நம் வாசகர்களின் குடும்பங்களில் இருப்பின், பொருளின் பெயர், ஆண்டு, உடன் பாடியோர் என நினைவில் உள்ளவற்றை ஓர் அஞ்சலட்டையிலாவது எழுதி அனுப்பக் கோருகிறோம்.