முக்காலே மூணு வீசம்: திண்ணைப் பள்ளியில் பின்னம் படித்த கதை

இன்னைக்கு எபிசோட் பின்னங்களைப் பத்தி. நாலாவது, அஞ்சாவது படிக்கும்போது நம்ம எல்லாரையும் ஒரு சுத்து சுத்தவிட்ட அதே பின்னம்தான். தொகுதி, பகுதி, மீச்சிறு பொது மடங்கு எல்லாம் ஞாபகம் இருக்கா? இல்லைன்னாலும் பரவாயில்லை, இந்தக் கதைக்கு அதெல்லாம் தேவைப்படாது.

வீட்ல பெரியவங்க யாராவது "முக்காலே மூணு வீசம் பேர் அப்படித்தான்" என்று சொல்லிக் கேட்டிருப்பீங்க. கிட்டத்தட்ட எல்லாரும் என்று அர்த்தம். ஆனா அது ஒரு துல்லியமான எண். வீசம் என்றால் பதினாறில் ஒன்று. முக்கால் என்பது பதினாறில் பன்னிரண்டு, கூட மூணு வீசம், ஆக 15/16. முழுசுக்கு ஒரே ஒரு வீசம்தான் குறை. பழமொழி மாதிரி சொல்லிட்டுப் போற இந்த வார்த்தைக்குள்ள ஒரு கூட்டல் கணக்கு இருக்கு. "ஒண்ணேகால்", "ரெண்டேமுக்கால்" என்று சொல்றோமே, அந்த நடுவுல வர்ற 'ஏ'தான் இங்கே கூட்டல் குறி.

திண்ணைப் பள்ளிக்கூடம் என்று சொல்றது வீட்டுத் திண்ணையிலோ, கோயில் மண்டபத்திலோ, மரத்தடியிலோ ஒரே ஒரு வாத்தியார் நடத்தின பள்ளி. பையன்கள் முதலில் மணலில் விரலால் எழுதுவார்கள், கை படிந்த பிறகு ஓலைக்குப் போவார்கள். மூத்த மாணவன், அதாவது சட்டாம்பிள்ளை, சின்னப் பையன்களுக்குச் சொல்லிக் கொடுப்பான். ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் மெட்ராஸ் எழும்பூரில் ஆதரவற்ற பையன்களுக்கான ஒரு விடுதிப் பள்ளியை நடத்தினார். இங்கே பார்த்த மணல் எழுத்தையும் சட்டாம்பிள்ளை முறையையும் அங்கே வைத்துப் பார்த்து, 1797-ல் லண்டனில் புத்தகமாகப் போட்டார். இங்கிலாந்தில் அதற்கு 'மெட்ராஸ் முறை' என்றே பெயர் வந்தது. பிரிட்டிஷ்காரர்கள் நமக்குப் பள்ளிக்கூடம் கற்றுக்கொடுத்தார்கள் என்ற கதையில் இந்தப் பக்கம் கொஞ்சம் இடிக்கும்.

சரி, அந்தத் திண்ணையில் பையன் என்ன கணக்கு படித்தான்? பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி. இந்த மூணும் முக்கியம். பொன்னிலக்கம் பின்னங்களின் வரிசை. மேலிருந்து வந்தால் முக்கால், அரை, கால், அரைக்கால் (1/8), மாகாணி (1/16, இதுதான் வீசம்), மா (1/20), காணி (1/80), அரைக்காணி (1/160), கடைசியில் முந்திரி. முந்திரி என்றால் 1/320.

ஏன் 320? எனக்கு இந்த முறையில் ரொம்பப் பிடித்த இடம் இதுதான். கால், அரைக்கால், மாகாணி எல்லாம் பாதி பாதியாக வெட்டிக்கொண்டே போற குடும்பம். மா, காணி இருபதிலிருந்து பிறந்த குடும்பம், அதாவது ஐந்து கலந்தது. இரண்டு குடும்பமும் சண்டை போடாமல் உட்காருகிற இடம் 320. அதனால் எந்தப் பின்னத்தையும் 'இத்தனை முந்திரி' என்று சொல்லிவிடலாம். கால் 80 முந்திரி. அரைக்கால் 40. மாகாணி 20. மா 16. காணி 4. அரைக்காணி 2.

இப்போ ஒரு கணக்கு. அரைக்காலையும் மாகாணியையும் மாவையும் கூட்டுங்க. இன்றைய பள்ளியில் இது 1/8 + 1/16 + 1/20. பகுதிகள் மூணும் வேற வேற, மீச்சிறு பொது மடங்கு 80, மேலே 10, 5, 4, கூட்டினால் 19/80. திண்ணைப் பையனுக்கு 40, 20, 16, மொத்தம் 76 முந்திரி. காலுக்கு 80 வேணும், நாலு குறையுது, அந்த நாலு ஒரு காணி. ஆக, "காலுக்கு ஒரு காணி குறைவு". பொதுப் பகுதி கண்டுபிடிக்கிற வேலையே கிடையாது. அதை யாரோ முன்னாடியே செய்து, பெயர்களுக்குள் வைத்துவிட்டார்கள்.

பெருக்கலும் அப்படித்தான். மாவில் கால் காணி. காணியில் கால் முந்திரி. முந்திரிக்குக் கீழேயும் போகணும் என்றால், முந்திரியையே ஒன்றாக வைத்துக்கொண்டு 'கீழ்' என்று சேர்த்து அதே வரிசையைத் திரும்ப ஓட்டலாம். கீழ்க்கால், கீழ்மா, கீழ்முந்திரி. கீழ்முந்திரி என்றால் 1/1,02,400. தஞ்சைக் கோயில் கல்வெட்டுகளில் நில அளவுகளைச் சொல்லும்போது இந்தக் 'கீழ்' கணக்கு வருகிறது. அணு, தேர்த்துகள் என்று போகும் ஒரு பட்டியல் வாட்ஸ்அப்பில் சுத்திக்கிட்டே இருக்கும், "தமிழன் அணுவை அளந்தான்" என்ற தலைப்போட. அந்தப் பெருமையில் எனக்குப் பெரிய ஆர்வம் இல்லை. ஒரு எட்டு வயசுப் பையன் காலுக்கும் காணிக்கும் உள்ள தூரத்தை மனசிலேயே வைத்திருந்தான் என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

இந்த முறைக்கு ஒரு ஓட்டையும் உண்டு. மூணு பேருக்குச் சமமாகப் பிரிக்கணும் என்றால் 320 மூன்றால் வகுபடாது. 106 முந்திரி போக மிச்சம் நிற்கும், 'கீழ்' போட்டு எவ்வளவு கீழே இறங்கினாலும் மிச்சம் தீராது. இன்னைக்கும் தமிழில் அரைக்கு, காலுக்கு எல்லாம் ஒரே சொல் இருக்கு, 1/3-க்கு 'மூன்றில் ஒரு பங்கு' என்று நீட்டித்தான் சொல்றோம். ஆனா நெல் அளவையில் மூன்று உண்டு. அதுதான் நெல்லிலக்கம். இரண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, இரண்டு உழக்கு ஒரு உரி, இரண்டு உரி ஒரு நாழி, எட்டு நாழி ஒரு குறுணி, இரண்டு குறுணி ஒரு பதக்கு, இரண்டு பதக்கு ஒரு தூணி, மூன்று தூணி ஒரு கலம். மூணாகப் பங்கு போடுறவனுக்குக் கலம் கைகொடுக்கும்.

இதெல்லாம் யாருக்குக் கிடைத்தது? 1822-ல் மெட்ராஸ் கவர்னர் தாமஸ் மன்றோ, மாவட்டம் மாவட்டமாகப் பள்ளிகளை எண்ணச் சொன்னார். 1826-ல் வந்த மொத்தக் கணக்கில் மாகாணம் முழுக்க, தெலுங்கு, கன்னட, மலையாளப் பகுதிகளும் சேர்த்து, 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். இந்த ஆவணங்களை 1983-ல் தரம்பால் புத்தகமாகத் தொகுத்தார். உள்ளூர்க் கல்வி ஒன்றுமே இல்லாமல் கிடந்தது என்ற காலனியக் கதையை அது உடைத்தது. அது சரியான வாதம்தான். ஆனா அதே கணக்கில் மாணவிகள் 4,540 பேர் மட்டுமே. தலித் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் திண்ணையில் இடம் இல்லை.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்க. கூலி நெல்லாகத்தான் வந்தது. நிலம் மாவிலும் காணியிலும் கணக்கானது. ஊரில் நிலம் அளக்கும் கோலைப் பிடித்து வயலில் நடந்தவர்களில் தலித் பணியாளர்களும் இருந்தார்கள். அளக்கத் தெரிந்தவர் அவர், ஆனால் அந்த அளவை ஓலையில் ஏற்றியவர் கணக்குப்பிள்ளை. வரலாற்றாய்வாளர் செந்தில் பாபு இந்தத் திண்ணைக் கணக்கைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். கணக்கு என்பது வேலை செய்கிறவர் கையிலும் இருந்தது, பதிவு செய்கிறவர் கையிலும் இருந்தது, அதிகாரம் யாரிடம் போனது என்று பார்க்கணும் என்பதை எனக்குக் காட்டியது அவர் எழுத்துதான். 1968-ல் கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டதற்கு முன்னால் நடந்த போராட்டமும் கூலி நெல்லின் அளவைக் கூட்டிக் கேட்டுத்தான்.

பள்ளிக்குள்ளேயும் எல்லாம் இனிமையாக இல்லை. தப்பாக ஒப்பித்தால் அடி. கோதண்டம் என்று ஒரு தண்டனை, பையனைக் கையால் கயிற்றைப் பிடித்துத் தொங்கவிடுவது. 19-ஆம் நூற்றாண்டில் வந்த ஆங்கிலேய அதிகாரிகள் இதையெல்லாம் பார்த்துவிட்டு "வெறும் மனப்பாடம்" என்று எழுதினார்கள். அடியைப் பற்றி அவர்கள் சொன்னது சரி. மனப்பாடத்தைப் பற்றிச் சொன்னதில் பாதிதான் சரி. வாய்ப்பாடு ஒப்பிக்கிற பையன், ஒப்பித்ததை வைத்துச் சந்தையில் கணக்கு போட்டான். ஞாபகம் என்பது அங்கே ஒரு கருவி. 1860-களிலிருந்து, இன்ஸ்பெக்டர் வந்து பரீட்சை வைத்து, தேறின பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பார்த்து மானியம் கொடுக்கும் முறை வந்தது. வாத்தியார் பிழைக்கணும் என்றால் அந்தப் பரீட்சைக்குத்தான் சொல்லிக்கொடுக்கணும். வேடிக்கை என்னவென்றால், அதுக்கும் பையன்கள் மனப்பாடம்தான் செய்தார்கள்.

கடைசி அடி நாணயத்திலிருந்து வந்தது. ஒரு ரூபாய்க்கு 16 அணா இருந்தவரை வீசம் உயிரோடு இருந்தது, ஏன்னா ஒரு அணாவே ரூபாயில் ஒரு வீசம்தான். 1957 ஏப்ரல் 1-ல் ரூபாய்க்கு 100 நயா பைசா என்று ஆனது. நாலணா சரியாக 25 பைசா, எட்டணா 50 பைசா, அதில் சிக்கல் இல்லை. ஒரு அணா? ஆறே கால் பைசா. அந்தக் கால் பைசாவுக்கு நாணயமே கிடையாது. அடுத்த வருஷம் அக்டோபரிலிருந்து கிலோவும் லிட்டரும் படிப்படியாக வர, படியும் மரக்காலும் கடையிலிருந்து இறங்கின. தசமம் வந்தது பெரிய லாபம், அதில் சந்தேகமில்லை. ஒரே முறையில் எடை, நீளம், காசு எல்லாம் எழுதலாம், எந்த ஊர்க் குழந்தையும் படிக்கலாம், கணக்குப்பிள்ளையைக் கும்பிட வேண்டியதில்லை.

ஆனா எல்லாம் போய்விடவில்லை. தஞ்சாவூர் பக்கம் நிலம் வாங்குறவங்க இன்னும் 'ஒரு மா' என்று பேசுறாங்க, சுமார் 33 சென்ட். இருபது மா ஒரு வேலி. 2019-ல் வந்த யூனிகோட் 12-ல் தமிழ்ப் பின்னக் குறிகளுக்கும் பழைய அளவைக் குறிகளுக்கும் சேர்த்து 51 எழுத்துகள் இடம் பிடித்தன. அதில் முதல் இடத்தில் இருப்பது முந்திரி. உங்க போன்ல அது தெரியுதா, இல்லை வெறும் கட்டமாக வருதா என்று பார்த்து எழுதுங்க. அடுத்த எபிசோட்ல குழிமாற்று, அதாவது நிலத்தை அளக்க வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்த வர்க்க எண்கள்.