அமெரிக்க செனட் இளையோர் திட்டம்

அமெரிக்க செனட் இளையோர் திட்டம் என்பது ஐக்கிய அமெரிக்காவின் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கான தலைமைத்துவ, கல்வி உதவித்தொகைத் திட்டமாகும். 1962ஆம் ஆண்டு செனட் அவையின் 324ஆம் தீர்மானத்தின் மூலம் இது உருவாக்கப்பட்டது. ஆண்டுதோறும் 104 மாணவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டு, தலைநகர் வாசிங்டனில் ஒரு வாரம் தங்கி அரசாங்கத்தின் செயற்பாட்டை நேரில் காண்கின்றனர்.

தோற்றம்

இத்தீர்மானத்தை இரு கட்சிகளையும் சேர்ந்த நான்கு தலைவர்கள் முன்மொழிந்தனர். மைக் மான்சுபீல்டும் கூபர்ட் அம்பிரியும் மக்களாட்சிக் கட்சியினர். எவரெட் டர்க்சனும் தாமசு கூச்சலும் குடியரசுக் கட்சியினர். அடுத்த தலைமுறையினர் ஆட்சிமுறையைப் பாடநூலில் மட்டும் படித்தால் போதாது, அதை நடத்துபவர்களைச் சந்தித்துக் கேள்வி கேட்கவும் வேண்டும் என்பதே திட்டத்தின் அடிப்படைக் கருத்து.

இரு கட்சிகளின் இந்த ஒத்துழைப்பு வெறும் சடங்கு அல்ல. இரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1964இல், குடிசார் உரிமைகள் சட்டத்தைச் செனட் அவையில் நிறைவேற்ற முன்னின்றவர்களும் இதே நால்வர்தாம். அச்சட்டத்தைத் தடுக்கப் பல வாரங்கள் நீட்டிக்கப்பட்ட விவாதத்தை முடிவுக்குக் கொண்டுவந்த வாக்கெடுப்பில் 71 பேர் ஆதரவாகவும் 29 பேர் எதிராகவும் வாக்களித்தனர்.

நிதி

திட்டத்தைச் செனட் அவை ஆதரித்தாலும், அதற்கு அரசுப் பணம் செலவிடப்படுவதில்லை. பயணம், தங்குமிடம், உதவித்தொகை ஆகிய அனைத்தையும் கெர்சுட்டு அறக்கட்டளைகள் ஏற்கின்றன. செய்தித்தாள் அதிபர் வில்லியம் ராண்டால்ப் கெர்சுட்டு 1940களில் நிறுவிய அறக்கட்டளைகள் இவை. ஒவ்வொரு பிரதிநிதிக்கும் தற்போது 10,000 டாலர் இளநிலைப் பட்டப் படிப்புக்காக வழங்கப்படுகிறது. கல்லூரியில் அரசியல், வரலாறு சார்ந்த பாடங்களையும் பயிலுமாறு அவர்கள் ஊக்குவிக்கப்படுகின்றனர்.

தேர்வு முறை

50 மாநிலங்களும் தலைநகர் மாவட்டமும் தலா இருவரை அனுப்புகின்றன. வெளிநாடுகளில் உள்ள அமெரிக்கப் படைத்தளப் பள்ளிகளை நடத்தும் பாதுகாப்புத் துறையின் கல்வி அமைப்பும் இருவரை அனுப்புகிறது. விண்ணப்பிப்பவர் பள்ளிப் படிப்பின் இறுதி இரண்டு ஆண்டுகளில் ஒன்றில் பயில வேண்டும். மாணவர் மன்றம் போன்ற அமைப்பொன்றில் பொறுப்பு வகிக்கவும் வேண்டும். உறுப்பினராக இருந்தால் மட்டும் போதாது. தேர்வை மாநிலக் கல்வித் துறைகள் நடத்துகின்றன.

வாசிங்டன் வாரம்

இவ்வாரத்தில் மாணவர்கள் செனட் உறுப்பினர்கள், உச்ச நீதிமன்ற நீதிபதிகள், அமைச்சர்கள், தூதர்கள் ஆகியோரைச் சந்திக்கின்றனர். பல ஆண்டுகளில் குடியரசுத் தலைவரையும் சந்தித்துள்ளனர். படைத்துறை இளம் அதிகாரிகள் வழிகாட்டிகளாக உடனிருக்கின்றனர். கொரோனாப் பெருந்தொற்றின் காரணமாக 2021இல் இந்நிகழ்வு இணையவழியில் நடந்தது.

தாக்கம்

1971இல் மேய்ன் மாநிலத்திலிருந்து வந்த பிரதிநிதி சூசன் காலின்சு. அப்போது செனட் அவையில் இருந்த ஒரே பெண் உறுப்பினர், அதே மாநிலத்தின் மார்கரெட் சேசு சுமித்து. அவர் அந்த மாணவியுடன் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் உரையாடினார். சுமித்து வகித்த அதே இடத்துக்குக் காலின்சு 1996இல் தேர்ந்தெடுக்கப்பட்டார். திட்டத்தின் முன்னாள் மாணவர்களுள் செனட் உறுப்பினரான முதலாமவர் அவரே. கொலராடோவின் கோரி கார்ட்னர் 2014இல் இரண்டாமவராகத் தேர்வானார். பீட் புட்டிசெச்சும் இத்திட்டத்தின் முன்னாள் மாணவரே.

மதிப்பீடு

மாநிலத்துக்கு இருவர் என்ற விதி செனட் அவையின் அமைப்பையே பின்பற்றுகிறது. அதன் சிக்கலும் உடன் வருகிறது. 2020 கணக்கெடுப்பின்படி கலிபோர்னியாவில் ஏறத்தாழ 3.95 கோடி மக்களும் வயோமிங்கில் 5.77 இலட்சம் மக்களும் வாழ்கின்றனர். இரண்டுக்கும் இரண்டே இடங்கள். எனவே பெரிய மாநில மாணவருக்குப் போட்டி பன்மடங்கு கடினம். மறுபுறம், இவ்விதி இல்லையெனில் சிறிய மாநிலங்களின் சிற்றூர் மாணவர்கள் தலைநகரை எட்டுவது அரிதாகிவிடும். மேய்னின் வடகோடியில் உள்ள கரிபூ என்னும் சிற்றூரிலிருந்து வந்தவரே காலின்சு.