ஹாப் சக்கை எங்கே போயிற்று? பீர் வரலாற்றில் வடிகட்டியின் இடம்

பீரின் வரலாற்றை எழுதுவோர் ஹாப்ஸ் எப்போது வந்தது, எந்த மடத்தின் ஆவணத்தில் முதலில் தென்படுகிறது, எந்த அரசன் அதற்கு வரி விதித்தான் என்பவற்றை விரிவாகப் பேசுவர். கொப்பரையில் கொதித்து முடிந்த அந்தப் பூங்கூம்புகள் அதன்பின் என்னவாயின என்ற கேள்வி பெரும்பாலும் எழுவதே இல்லை. தொழில்நுட்ப வரலாற்றில் கழிவுக்கு உரிய இடம் தரப்படுவதில்லை என்பது பழைய குறை. இங்கே அக்குறை கொஞ்சம் கூடுதலாகவே உறுத்துகிறது. ஏனெனில், சக்கையைப் பிரித்தெடுக்கும் வழிதான் காய்ச்சும் கலங்களின் வடிவத்தையும், யார் காய்ச்ச முடியும் என்பதையும் பெருமளவு முடிவு செய்திருக்கிறது.

பொருளை அறியாதவர்களுக்காகச் சில வரிகள். ஹாப்ஸ் ஒரு கொடி. அதன் பெண்பூங்கூம்பின் செதில்களுக்கிடையே ஒட்டும் மஞ்சள் துகளே கசப்பையும் மணத்தையும் தருகிறது. பீர் புளித்துப்போகாமல் காப்பதும் அதுவே. முளைகட்டிய வாற்கோதுமையிலிருந்து வடித்த இனிப்புச் சாற்றோடு கூம்புகளைச் சேர்த்து ஒரு மணி நேரம் அளவில் கொதிக்க விடுவார்கள். கசப்பு சாற்றில் இறங்கிவிடும், செதில்கள் எஞ்சும். அவற்றோடு கொதியில் திரிந்த புரதமும் கூடிக்கொள்ளும். சாற்றை விரைவில் ஆறவைத்து ஈஸ்ட் சேர்க்க வேண்டிய நேரத்தில் இந்தச் சக்கை குழாய்வாயை அடைத்துக்கொண்டால், வெதுவெதுப்பான இனிப்புச் சாறு காற்றிலுள்ள நுண்ணுயிர்களுக்கு விருந்தாகத் தேங்கி நிற்கும். அடைப்பு என்பது வெறும் எரிச்சலோடு முடிவதில்லை. அன்றைய உழைப்பு முழுவதும் வீணாகலாம்.

இங்கிலாந்தில் ஹாப்ஸ் சேர்த்த பீர் பரவத் தொடங்கியது 15ஆம் நூற்றாண்டில், கடல்கடந்து வந்த தாழ்நில நாட்டாரின் வழியாக. அதற்குமுன் அங்கே குடிக்கப்பட்ட ஏல், ஹாப்ஸ் இல்லாதது. சில நாட்களில் புளித்துவிடும். ஆகவே வீட்டுப் பெண்கள் சிறு அளவில் அடிக்கடி காய்ச்சி, மிஞ்சியதை அண்டை வீடுகளுக்கு விற்றனர். ஜூடித் பென்னட் 1996இல் வெளியிட்ட ஆய்வு 1300 முதல் 1600 வரையான காலத்தில் இப்பெண்கள் இத்தொழிலிலிருந்து எவ்வாறு படிப்படியாக ஒதுக்கப்பட்டனர் என்பதை விளக்குகிறது. நெடுநாள் கெடாத பீர் பெருமுதலீட்டுக்கும் தொலைதூர வணிகத்துக்கும் வழிவிட்டது என்பது அவர் வாதத்தின் ஒரு முக்கியக் கண்ணி. அதனோடு இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது என் அனுமானம். ஹாப்ஸ் வந்தபின் சாற்றைத் தனியே நெடுநேரம் கொதிக்க வைக்க வேண்டும். கொதித்ததைச் சக்கை நீக்கி வடிக்க வேண்டும். வடித்ததை அகன்ற தொட்டிகளில் ஆறவைக்க வேண்டும். ஒவ்வொரு படிக்கும் ஒரு கலம் கூடுகிறது. ஒற்றைப் பானை வீட்டுக்கு அது சுமை. கூலியாட்கள் உள்ள பட்டறைக்கு அது செலவுக் கணக்கில் ஒரு வரி.

ஆயினும் வீட்டுக் காய்ச்சல் அழிந்துவிடவில்லை. வில்லியம் காபெட் 1821இலிருந்து பகுதி பகுதியாக வெளியிட்ட ‘காட்டேஜ் எகானமி’ என்னும் கையேட்டில், உழைப்பாளர் குடும்பங்கள் ஆலை பீரை விட்டுத் தாமே காய்ச்சிக்கொள்ள வேண்டும் என்று வாதாடினார். கொப்பரையின் கொள்ளளவு முதல் தொட்டிகளின் எண்ணிக்கை வரை கணக்கிட்டுக் காட்டும் அவர், ஹாப்ஸை வடிக்கத் தனிக் கருவி எதையும் கேட்பதில்லை; துணி போட்டு வைக்கும் சிறு கூடையே போதும் என்கிறார். வசதியுள்ள வீடுகளில் குதிரைமயிர்ச் சல்லடை இருந்தது. கூடையானாலும் சல்லடையானாலும் தத்துவம் ஒன்றே: முழுக் கூம்பின் செதில் பெரியது, ஆகவே பெரிய கண்ணே அதைத் தடுத்துவிடும்.

ஆலைகள் இதே தத்துவத்தை நேர்த்தியாக்கின. கொப்பரைக்கு அடுத்து, துளையிட்ட உலோகத் தகட்டை இரண்டாம் அடித்தளமாகக் கொண்ட ஒரு கலம் அமைந்தது. ஆங்கிலேயர் அதை ஹாப்பேக் என்றனர். கொதித்த சாறும் கூம்புகளும் ஒன்றாக அதில் விழும். கூம்புகள் தகட்டின்மேல் மெத்தை போலப் படியும். அந்த மெத்தையே வடிகட்டியாகிவிடும். முதலில் வரும் கலங்கலை மீண்டும் மேலே ஊற்றிவிட்டு மெல்லத் திறந்தால், திரிந்த புரதம் செதில்களில் சிக்கிக்கொள்ள, தெளிந்த சாறு கீழே இறங்கும். அவசரப்பட்டால் மெத்தை இறுகி அடைத்துவிடும். அடைப்புக்குக் காரணமான பொருளையே அடைப்பைத் தடுக்கும் கருவியாக மாற்றிய இந்த உத்திக்கு ஆசிரியர் பெயர் என எதுவும் இல்லை. வேலைத்தலத்தில் விளைந்த அறிவு அப்படித்தான் இருக்கும்.

இந்தியாவோடு இக்கதைக்கு ஒரு தொடுப்பு உண்டு. லண்டனின் போ பகுதியிலிருந்த ஹாட்ஜ்சன் ஆலையும், 1820களிலிருந்து பர்டன் நகர ஆலைகளும் கல்கத்தாவுக்கும் சென்னைக்கும் அனுப்பிய வெளிர்நிற ஏலில், மரப்பீப்பாய்க்குள்ளேயே காய்ந்த ஹாப்ஸ் போடப்பட்டது. ஹாப்ஸ் கடற்பயணத்தில் பீரைக் காத்தது என்ற பாதி உண்மையை இந்திய வாசகர்கள் பலமுறை கேட்டிருப்பார்கள். பீப்பாயைத் திறந்து ஊற்றியவனுக்கு அந்த இலைகள் தந்த தொல்லையை யாரும் சொல்வதில்லை.

20ஆம் நூற்றாண்டில் நிலைமை இரு முனைகளில் மாறிற்று. 1923இல் ரிச்சர்ட் செலிக்மன் தகட்டு வெப்பமாற்றியை உருவாக்கினார். பாலைச் சூடாக்கிக் குளிர்விக்க எழுந்த அக்கருவி பீர் ஆலைகளுக்கும் வந்தது. திறந்த தொட்டியில் மணிக்கணக்கில் ஆறிய சாறு, சில மில்லிமீட்டர் இடைவெளியுள்ள தகடுகளுக்கிடையே ஓடி நொடிகளில் குளிர்ந்தது. பழைய தொட்டியில் சக்கை சிறிது தப்பி வந்தாலும் அடியில் படிந்து கிடக்கும். தகடுகளுக்கிடையே அந்தச் சலுகை இல்லை. மறுபுறம், அதே நூற்றாண்டின் பிற்பகுதியில் ஹாப்ஸின் உருவமே மாறியது. கூம்புகளை அரைத்து, அழுத்தி, தீவனக் குச்சி போன்ற பெல்லட்டுகளாக்கினர். இடம் மிச்சம், கெடாமலும் இருக்கும். ஆனால் கொதிநீரில் விழுந்ததும் அவை பொடியாகக் கரைந்துவிடும். ஹாப்பேக்கின் துளைகளுக்கு அந்தப் பொடியைப் பிடிக்கத் தெரியாது.

இதற்கு வழி தேநீர்க் கோப்பையில் இருந்தது. தேநீரைக் கலக்கிவிட்டு நிறுத்தினால் இலைத்துகள்கள் விளிம்புக்கு ஓடாமல் நடுவே குவிவதைக் கவனித்திருப்போம். அடித்தளத்தின் உராய்வால் அங்கே நீரின் சுழற்சி தளர்கிறது; விளிம்பில் மிகுந்திருக்கும் அழுத்தம் அடிநீரை உள்நோக்கித் தள்ளுகிறது; துகள்கள் அதோடு செல்கின்றன. ஆற்று வளைவுகளைப் பற்றி 1926இல் எழுதிய கட்டுரையில் ஐன்ஸ்டைன் இதை விளக்கினார். 1960இல் மொண்ட்ரியாலின் மோல்சன் ஆலையில் ஹட்ஸ்டன் இதே இயக்கத்தைச் சுழல்தொட்டியாக வடிவமைத்தார். சாறு தொட்டியின் சுவரை ஒட்டிப் பாய்ந்து சுழலும். சக்கை நடுவில் குவியலாய்ப் படியும். தெளிந்தது பக்கவாட்டுக் குழாயில் வெளியேறும். (காபெட் தம் கையேட்டில் தேநீரை வசைபாடியே பீரைப் புகழ்ந்தவர். தேநீர்க் கோப்பை பீருக்குச் செய்த இந்த உதவியை அவர் ரசித்திருக்க மாட்டார்.) முழுக் கூம்புகள் மிதந்து பருத்துச் சாற்றை உறிஞ்சுவதால் சுழல்தொட்டிக்கு அவை ஒத்துவராது. ஆகவே ஹாப்பேக்கிலிருந்து சுழல்தொட்டிக்குச் சென்றதை முன்னேற்றம் என்ற ஒற்றைச் சொல்லால் முடித்துவிட முடியாது. ஹாப்ஸின் உருவமும் கலத்தின் உருவமும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டே மாறின.

சட்டம் வீட்டுக் காய்ச்சலுக்கு மீண்டும் இடம் தந்தது இந்த மாற்றங்களின் நடுவில்தான். பிரிட்டனில் 1880இல் விதிக்கப்பட்ட உரிமக் கட்டாயம் 1963இல் நீங்கியது. அமெரிக்காவில் 1978இல் அதிபர் கார்ட்டர் கையொப்பமிட்ட சட்டம் மறு ஆண்டு நடைமுறைக்கு வந்தது. (நம் நாட்டில் மாநிலக் கலால் சட்டங்கள் உரிமமின்றிக் காய்ச்சுவதைப் பொதுவாக அனுமதிப்பதில்லை, இங்கே இது ஏட்டளவில் நிற்கும் பொருள்.) ஆலைக்காக உருமாறிய பெல்லட்டும், ஆலைக்காகப் பிறந்த தகட்டுக் குளிர்விப்பானின் சிற்றுருவும் சமையலறைக்கு வந்தன. சுழல்தொட்டி வரவில்லை. இருபது லிட்டர் பாத்திரமும் ஒரு குழாயுமே இருந்தன. காபெட்டின் வாசகன் அறியாத இக்கட்டு இது: பொடியோ கூடைக்கண்ணில் நழுவும், நுண்வலை வைத்தால் வலையே அடைபடும்.

இதற்கு வீட்டார் கண்ட தீர்வுகள் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பாத்திரம் துலக்கும் எஃகு நாரைக் குழாய்முனையில் சுற்றினர். ஹாப்ஸைத் துணிப்பையில் கட்டித் தொங்கவிட்டனர். பை இறுகினால் கசப்பு முழுமையாக இறங்காது என்று கண்டு, அகன்ற வலைக்கூடைக்கு மாறினர். சிலர் அடுப்பை அணைத்ததும் நீண்ட கரண்டியால் சாற்றை ஒரே திசையில் சுழற்றி, கால் மணி நேரம் அசையாமல் விட்டு, நடுக்குவியலைத் தொடாமல் ஓரத்திலிருந்து வடித்தனர். தகட்டுக் கருவியையே கைவிட்டு, செம்புக் குழாய்ச் சுருளைப் பாத்திரத்துக்குள் இறக்கி அதனுள் குளிர்நீரை ஓட்டியவர்களும் உண்டு. அங்கே சாறு எந்த இடுக்கிலும் நுழைய வேண்டியதில்லை. சக்கை எவ்வளவு இருந்தாலும் கவலையில்லை. இன்னும் சிலர், கசப்புக்குப் பெல்லட்டைப் போட்டுவிட்டு, கடைசிச் சில நிமிடங்களில் ஒரு கைப்பிடி முழுக் கூம்புகளைச் சேர்த்தனர். அவை அடியில் வலைமேல் படிந்து மெத்தையாகி, பொடியைப் பிடித்துக்கொண்டன. ஹாப்பேக்கைக் கண்டிராதவர்கள்கூட ஹாப்பேக்கின் வேலையை ஒரு பானைக்குள் செய்து முடித்தார்கள்.