கட்டுச்சோற்று மூட்டைக்கு ஒரு கண்ணீர் அஞ்சலி

காஞ்சிபுரம் பக்கத்து நெசவு ஊரான எங்கள் ஐயம்பேட்டையில் யாராவது காலமானால் விடிவதற்குள் மின்கம்பத்தில் சுவரொட்டி ஏறிவிடும். மேலே தோற்றம், மறைவு, நடுவில் படம், கீழே துக்கத்தில் வாடுவோர் பட்டியல். குடும்பத்தோடு வெளியூர் போகும்போதெல்லாம் யாராவது ஒருவர் மடியில் உட்கார்ந்து வந்த கட்டுச்சோற்று மூட்டைக்கு மட்டும் அப்படி ஒன்றை யாரும் ஒட்டவில்லை. இது அதற்குப் பதிலாக.

தறிக்கு அமாவாசை விடுமுறை. ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி, புரட்டாசியில் திருப்பதி, நடுவில் குலதெய்வம் என்று ஊர்ப் பயணங்கள் நெசவுக்காரர் நாட்காட்டிக்குள்தான் அடங்கும். ஒரு வேன் பேசினால் தெருவில் நாலைந்து வீடு சேரும். யார் வீட்டில் புளிச்சோறு, யார் வீட்டில் தயிர்ச்சோறு, மிளகாய்ப்பொடி தடவிய இட்லி யாருடையது என்று முந்தின நாள் மாலையே பெண்கள் பிரித்துக்கொள்வார்கள். 'எங்கே சாப்பிடலாம், என்ன சாப்பிடலாம்' என்று வண்டிக்குள் பேச்சே எழாது. எது முதலில் ஊசிப்போகுமோ அதை முதலில் தின்றாக வேண்டும். இட்லி காலைக்கு, தயிர்ச்சோறு மதியத்துக்கு, புளிச்சோறு இரவுக்கு. கெட்டுப்போகும் வரிசைதான் பந்தி வரிசை.

அது கைத்தொழில்தான். வடித்த சோற்றைச் சூட்டோடு கட்டினால் உள்ளே வேர்த்து நொந்துவிடும். அதனால் தாம்பாளத்தில் கொட்டி, நல்லெண்ணெய் விட்டு, விசிறி ஆற்றிய பிறகே புளிக்காய்ச்சல் சேரும். புளியும் உப்பும் எண்ணெயும் சேர்ந்தால் மறுநாள்கூட வாய்க்கு விளங்கும். தயிர்ச்சோற்றில் தயிர் கொஞ்சம்தான். குழைய வடித்த சோற்றில் காய்ச்சி ஆறிய பாலை ஊற்றி, உறைக்கு ஒரு கரண்டி தயிர் விட்டால் வேன் ஓட ஓட உள்ளே உறையும். மதியம் திறக்கும்போது துளி புளிப்பு இருக்காது. வாழை இலையைத் தணலில் வாட்டினால் மடிக்கும்போது கிழியாது. பொட்டலத்தைச் சுற்றிக் கட்டுவது தறியில் மிஞ்சிய நூல். பாவு பிணைத்துப் பழகிய விரல் போட்ட முடிச்சு, குலுங்கினாலும் அவிழாது. ஒரு முனையை இழுத்தால் சட்டென்று விட்டுவிடும்.

காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இந்த வித்தையில் கூடுதல் உரிமை உண்டு. வரதராஜப் பெருமாள் கோயில் இட்லியைப் பாருங்கள். பச்சரிசியும் உளுந்தும் அரைத்து, மிளகு, சீரகம், சுக்கு சேர்த்து, மந்தாரை இலை பரப்பிய மூங்கில் குடலையில் நெடுநேரம் வேகவைப்பது. சட்னி கேட்காது, இரண்டு நாள் தாங்கும். வீட்டில் குடலைக்குப் பதில் டம்ளர். வழிநடைக்கு இதைவிடத் தோதான பலகாரம் எனக்குத் தெரிந்து கிடையாது. இன்று ஓட்டல்களில் 'காஞ்சிபுரம் இட்லி' என்று சூடாக, சாம்பாரில் மிதக்கவிட்டுத் தருகிறார்கள். அதன் குணத்துக்கு அது அவமரியாதை என்றுதான் சொல்வேன்.

நிறுத்தும் இடத்துக்கும் பெரிய ஆலோசனை கிடையாது. "தண்ணி இருக்கிற எடமா பாத்து ஓரங்கட்டுப்பா" என்று ஆயா சொன்னால் சரி. புளியமரம், பக்கத்தில் ஓடும் பம்புசெட், அவ்வளவுதான். முதல் இலை டிரைவருக்கு. தின்ற இலையை மாடு முடித்துக்கொள்ளும்.

கட்டுச்சோறு இல்லாமல் எங்கள் பக்கம் வந்து பசித்தவர் சுந்தரர். திருக்கழுக்குன்றத்திலிருந்து காஞ்சிக்கு வரும் வழியில் திருக்கச்சூரில் அவர் பசியால் வாட, சிவபெருமானே வீடு வீடாகச் சோறு இரந்து வந்து போட்டார் என்கிறது பெரியபுராணம். எல்லோருக்கும் அந்தக் கொடுப்பினை வாய்க்குமா?

கட்டுச்சோற்றின் சாவுக்குக் காரணம் நாக்கு மாறியது என்பார்கள். நான் ஒப்பமாட்டேன். சாலைதான் காரணம். 1999-ல் தொடங்கிய தங்க நாற்கரத் திட்டத்தில் சென்னை–பெங்களூரு சாலை விரிந்தது. பின்னர் ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனுதவியோடு செங்கல்பட்டு–காஞ்சிபுரம் சாலையும் நான்கு வழியானது. சாலை விரிய விரிய ஓரத்துப் புளியமரம் போனது. நடுவே தடுப்பு, ஓரத்தில் இரும்பு வேலி. நூறு கிலோமீட்டர் வேகத்தில் வரும் லாரிக்குப் பக்கத்தில் யார் இலை விரிப்பது? நிழலும் தண்ணீரும் வண்டி நிறுத்த இடமும் ஒருசேரக் கிடைப்பது ஓட்டல் வளாகத்தில் மட்டும் என்றானபோது, மூட்டைக்கு மரியாதை போனது. அங்கே 'வெளி உணவுக்கு அனுமதி இல்லை' என்ற பலகை வேறு.

பயணம் போகிற நாளும் மாறிவிட்டது. பிள்ளைகள் ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஷிஃப்டு போகிறார்கள். அமாவாசைக்குத் தறி நிற்கலாம், கம்பெனி நிற்குமா? ஆளுக்கொரு வார விடுப்பு, வீட்டுக்கொரு கார். நாலு வீடு சேராத இடத்தில் நாலு வகைச் சோறு எப்படிச் சேரும்?

துக்கத்தில் வாடுவோர் பட்டியலில் பெண்கள் பெயரைச் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை. மூட்டை கட்டிய நாட்களில் அவர்கள் எழுந்தது இரண்டு மணிக்கு. மற்றவர்கள் வேனில் பாட்டுக் கேட்டு வர, அவர்கள் முன் சீட்டில் சாய்ந்து தூங்கினார்கள். புளியமரத்தடியில் ஆண்கள் ஒதுங்கிவிட்டு வந்துவிடுவார்கள். பெண்கள் ஊர் போய்ச் சேரும்வரை தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நெடுஞ்சாலை ஓட்டலில் அவர்கள் முதலில் தேடுவது மெனு கார்டை அல்ல, கழிப்பறையை. அது சுத்தமாக இருந்தால் தோசை எப்படி இருந்தாலும் மன்னிப்பு உண்டு. நியாயம்தானே!

இப்போது வண்டிக்குள் தேர்வு நடக்கிறது. பின் சீட்டில் ஒரு பிள்ளை கைபேசியில் நட்சத்திரம் எண்ணும். ஒருவருக்கு ஃபிரைட் ரைஸ், ஒருவருக்கு முழுச் சாப்பாடு, அப்பாவுக்குக் கும்பகோணம் டிகிரி காபி. பேசி முடிப்பதற்குள் இரண்டு கடை தாண்டிவிடும். திரும்ப யூ-டர்ன் ஐந்து கிலோமீட்டருக்கு அப்பால். கடைசியில் நிறுத்துவது பார்க்கிங் பெரிதாக உள்ள இடத்தில், வாங்குவது நெய் ரோஸ்ட். டிரைவர் வைத்து வந்தால் அவருக்கு வேறு மேசை. ஆள் கூட்டி வந்ததற்காகச் சில ஓட்டல்களில் அவருக்குச் சாப்பாடு இலவசம். முதல் இலை மட்டும் இல்லை.

வரதராஜர் பயணம் மட்டும் பழையபடி நடக்கிறது. மாட்டுப் பொங்கலன்று அவர் காஞ்சிபுரத்திலிருந்து எங்கள் ஊர் வழியாகப் பழையசீவரத்துக்குப் பார்வேட்டை போகிறார். எங்கே நிற்பது, என்ன அமுது என்பதெல்லாம் மண்டகப்படிக்காரர்கள் பொறுப்பு.

நெடுஞ்சாலைத் துறைக்கு ஒரு விண்ணப்பம். நாற்பது, ஐம்பது கிலோமீட்டருக்கு ஓரிடத்தில், வண்டியை உள்ளே தள்ளி நிறுத்தும்படி கொஞ்சம் இடம் ஒதுக்குங்கள். நாலு புளியமரம் நடுங்கள். ஒரு குழாய் போடுங்கள். பெண்களுக்குப் பூட்டுப் போடாத, சுத்தமான கழிப்பறை கட்டுங்கள். சோற்றை நாங்கள் கொண்டு வருகிறோம். இந்த முறை இரண்டு மணிக்கு ஆண்களும் எழுந்திருக்கட்டும்.