இந்தியப் பள்ளிகளில் அவலநாடகப் பயிற்சி: மாக்பெத்தை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

நடிப்பதற்கென எழுதப்பெற்ற நாடகம், வகுப்பறையில் உரைநடைப் பாடம் போலப் படிக்கப்பெறுங்கால் தன் இயல்பிற் பெரும்பகுதியை இழக்கிறது. அவலநாடகத்தில் இவ்விழப்பு மிகுதி. ஷேக்ஸ்பியரின் அவலநாடகங்கள் இந்திய மாணவரை எவ்வழிகளில் வந்தடைந்தன, அவ்வழிகள் பயிற்றுமுறையை எவ்வாறு உருவாக்கின என்பதனை இக்கட்டுரை சுருக்கமாக ஆராய்கிறது.

குரல்வழிப் பயிற்சி

1817இல் கல்கத்தாவில் தோன்றிய இந்துக் கல்லூரியில் பள்ளிப் பருவத்துச் சிறுவரும் பயின்றனர். 1830களில் அங்கு ஆசிரியராக வந்த டேவிட் லெஸ்டர் ரிச்சர்ட்சன் ஷேக்ஸ்பியரை உரக்கப் படித்துக் காட்டுவதில் புகழ் பெற்றவர்; மெக்காலேயும் அதனைக் கேட்டு வியந்தார் என்பர். ரிச்சர்ட்சனின் மாணவருள் ஒருவர் மைக்கேல் மதுசூதன தத்தர். வங்கமொழியின் தொடக்ககால அவலநாடகங்களுள் ஒன்றாகிய ‘கிருஷ்ணகுமாரி’ அவர் இயற்றி 1861இல் வெளிவந்தது. 1848இல் கல்கத்தாவின் சான் சூசி அரங்கில் வைஷ்ணவ சரண் ஆட்டியா ஒத்தெல்லோவாக நடித்தார். செவிவழிப் பெற்ற கல்வி படைப்பாகவும் நடிப்பாகவும் மலர்ந்த காலம் இது.

தேர்வும் குறிப்புரையும்

1844இல் ஆளுநர் தலைவர் ஹார்டிஞ்சு வெளியிட்ட ஆணை, ஆங்கிலக் கல்வி பெற்றோர்க்கு அரசுப் பணியில் முன்னுரிமை தந்தது. 1857இல் கல்கத்தா, பம்பாய், சென்னைப் பல்கலைக்கழகங்கள் நிறுவப்பெற்றன. இலக்கியக் கல்வி தேர்வோடும் வேலையோடும் பிணைந்தது. ஆக்ரா கல்லூரி முதல்வராக இருந்த கே. டைட்டன், மாக்மில்லன் நிறுவனத்திற்காக விரிவான குறிப்புரைகளுடன் நாடகங்களைப் பதிப்பித்தார். ஆங்கிலச் சூழலில் வளராத மாணவர்க்கு இக்குறிப்புரைகள் இன்றியமையாத் துணையாயின. எனினும், ‘இடஞ்சுட்டிப் பொருள் விளக்குக’ என்னும் வினாவிற்கு விடை தேடும் களஞ்சியமாகவே அவை நாளடைவில் பயன்படலாயின.

இதன் விளைவை மாக்பெத்தின் இரண்டாம் அங்கத்திற் காணலாம். டங்கன் கொலையுண்டதும் கதவு தட்டப்படும் ஓசை எழுகிறது. கொலை மேடையில் நிகழ்வதில்லை. அதன் கொடுமையை அவையோர்க்கு உணர்த்துவது இவ்வோசையே. அடுத்து வாயிற்காவலன் நகையாடி வருகிறான். அவனது பேச்சைக் கொச்சையெனக் கருதிய பள்ளிப் பதிப்புகள் சில, அதனைச் சுருக்கியும் நீக்கியும் வெளியிட்டன. அச்சத்திற்கும் நகைக்கும் இடையில் அவலச்சுவை கூர்மையுறுவதை அப்பதிப்பைப் பயின்ற மாணவன் அறிய இயலாது. அருஞ்சொற்பொருள் அனைத்தும் அறிந்தும் அவன் நாடகத்தை அறியாதவனாகிறான்.

மேடைவழி மீட்பு

ஜெப்ரி கெண்டலின் ‘ஷேக்ஸ்பியரானா’ குழு 1940களிலும் 1950களிலும் இந்தியாவெங்கும் பயணம் செய்து பள்ளிகளிலும் நடித்தது. அக்குழுவில் நடித்த உத்பல் தத், பின்னர் மாக்பெத்தை வங்கமொழியில் அரங்கேற்றிச் சிற்றூர்களுக்கும் கொண்டு சென்றார். ஆங்கிலமறியாத மக்களும் மாக்பெத்தின் வீழ்ச்சியில் தோய்ந்தனர் என்பது பயிற்றுநர் கருதத்தக்கது. மொழிக் கடினத்தைக் கடந்து செல்ல மேடை வழி தருகிறது.

முடிவுரை

இந்தியப் பள்ளிச் சான்றிதழ்த் தேர்வின் பாடத்திட்டத்தில் மாக்பெத் பன்முறை இடம்பெற்றுள்ளது. அத்தகைய வகுப்பில் முதற்கண் ஒரு காட்சியையேனும் மாணவர் குரல்கொடுத்து நடித்தல் வேண்டும். குறிப்புரை அதன் பின்னரே வருதல் தகும். கொலையை மேடைக்கு வெளியே நிறுத்தும் மரபை வடமொழி நாடக இலக்கணத்தோடும், துரியோதனன் இறப்பை மேடையிலேயே காட்டும் பாசரின் ‘ஊருபங்க’த்தோடும் ஒப்பிடச் செய்யலாம். பேராசையால் தன்னைத் தானே அழித்துக்கொள்ளும் ஒருவனுக்காக நாம் ஏன் இரங்குகிறோம் என்பது பதினைந்து அகவை மாணவன் எண்ணத்தக்க வினா. அதனை ஐந்து மதிப்பெண் விடையாகச் சுருக்காமல் அவன்முன் வைப்பது ஆசிரியரின் கடமையாகும்.