உள்ளறைக் காற்றோட்டமும் காற்றுவழி நோய்ப்பரவலும்

காசநோய், தட்டம்மை, கோவிட்-19 போன்ற நோய்கள் மூடிய இடங்களில் பரவுவது, நோயாளிக்கு எவ்வளவு அருகில் இருக்கிறோம் என்பதை மட்டுமன்றி, அங்குள்ள காற்று எவ்வளவு விரைவாக வெளியேறிப் புதுக்காற்றுக்கு இடம்விடுகிறது என்பதையும் பொறுத்தது. இருமும்போதும் பேசும்போதும் தெறிக்கும் துளிகளுள் பெரியவை விரைவில் தரையில் விழுந்துவிட, சிறியவை விழுமுன்பே ஈரம் உலர்ந்து, கிருமியைச் சுமந்த எச்சங்களாக நெடுநேரம் மிதக்கின்றன என்று வில்லியம் வெல்ஸ் 1934இல் விளக்கினார். இவ்வெச்சங்கள் துளிக்கரு எனப்படும். 1950களில் பால்டிமோர் நகரில் ரிச்சர்ட் ரைலி குழுவினர் காசநோய்க் கூடத்துக் காற்றைக் குழாய்வழியே கினிப்பன்றிகளின் கூண்டறைக்குச் செலுத்தியபோது, நோயாளிகளை அணுகியே இராத அவ்விலங்குகளுக்கும் நோய் தொற்றியது.

அறையின் கனஅளவுக்கு ஈடான வெளிக்காற்று ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை உட்புகுகிறது என்பது காற்றுமாற்ற வீதம் ஆகும். ஒருமுறை மாறினால் பழைய காற்று முழுவதும் போய்விடும் என்று கொள்வது தவறு. வந்த காற்று இருந்த காற்றோடு கலந்தே வெளியேறுவதால், ஏறத்தாழ 37 விழுக்காடு எஞ்சும். நோயாளி நீங்கிய அறையில் மிதக்கும் துகள்களில் 99 விழுக்காட்டை அகற்ற, வீதம் 6 ஆயின் 46 நிமிடமும், 12 ஆயின் 23 நிமிடமும் ஆகும்.

காற்று அசைவது வேறு, காற்று மாறுவது வேறு. மின்விசிறி இருக்கும் காற்றையே கலக்குகிறது. வீடுகளில் பொருத்தும் ஸ்பிளிட் ஏ.சி.யும் அறைக்காற்றையே இழுத்துக் குளிர்வித்துத் திரும்ப விடுகிறது. சீனாவின் குவாங்சௌ நகரில், சாளரமற்ற உணவகத் தளமொன்றில் 2020 ஜனவரி 24 அன்று அடுத்தடுத்த மூன்று மேசைகளில் உண்ட மூன்று குடும்பத்தாருள், முதல் நோயாளி உட்பட 10 பேர் கோவிட்-19 நோயுற்றனர். ஏ.சி.யின் காற்று அம்மேசைகளைச் சுற்றியே சுழன்றதும், ஆளொருவருக்கு நொடிக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் வெளிக்காற்றே கிடைத்ததும் பின்னர் அளந்தறியப்பட்டன. அத்தளத்துப் பணியாளர் எவருக்கும் தொற்றவில்லை.

பெரு நாட்டின் லிமா நகர மருத்துவமனைகளில் 70 அறைகளுக்குள் கரியமில வாயுவைப் பரப்பி, அது குறையும் வேகத்தைக் கொண்டு காற்றுமாற்றத்தைக் கணித்த ஆய்வு 2007இல் வெளியானது. கதவும் சாளரமும் திறந்திருக்கையில் இடைநிலை வீதம் 28 ஆக இருந்தது. மூடியபோது அது 18இல் ஒரு பங்காகச் சரிந்தது. ஆய்வுக்கு அரை நூற்றாண்டுக்கும் முன் உயர்ந்த கூரையும் அகன்ற சாளரங்களுமாகக் கட்டப்பட்ட கூடங்களில் வீதம் 40. புதிய கட்டடங்களிலோ 17 மட்டுமே. தொற்று அச்சம் மிகுந்த பகுதிகளுக்கு எந்திரக் காற்றோட்டத்தில் பரிந்துரைக்கப்பட்ட 12ஐ இவ்விரண்டும் விஞ்சின. ஆயினும், குளிருக்கு அஞ்சிச் சாளரம் சாத்தப்படும் நாடுகளில் எந்திரக் காற்றோட்டமே நம்பத்தக்கது.