அய்யனாரின் குதிரையும் அதிகாலைப் பஸ்ஸும்

1

ஒரு தோழரின் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அருப்புக்கோட்டைக்காரர், பகுத்தறிவுவாதி. மகள் படிக்கிற இங்கிலீஷ் மீடியம் பள்ளிக்கு டிசம்பரில் சிவப்பு அங்கி, பஞ்சுத் தாடியோடு கிறிஸ்துமஸ் தாத்தா வந்து மிட்டாய் கொடுத்திருக்கிறார். 'ராத்திரி நம்ம வீட்டுக்கும் வருவாராப்பா?' என்று பிள்ளை கேட்டிருக்கிறது. 'இல்லேன்னா பிள்ளை மொகம் வாடிப்போகும். வருவாருன்னா நான் இத்தனை வருஷம் பேசினதெல்லாம் என்னாகிறது?' என்கிறார் தோழர்.

சின்னக் கேள்விதான். ஆனால் குழந்தைகளை நம்பவைப்பது யார், எதற்காக என்கிற வரலாறு இதற்குள் கிடக்கிறது.

2

1951 டிசம்பர் 23. பிரான்சின் திஜோன் நகரத்தில், தேவாலயத்தின் கம்பி வேலியில் கிறிஸ்துமஸ் தாத்தாவின் உருவப்பொம்மையைத் தொங்கவிட்டு, பிறகு முற்றத்தில் வைத்துக் கொளுத்தினார்கள். நாத்திகர்கள் செய்த காரியமல்ல. பாதிரிமார்களின் ஒப்புதலோடு நடந்தது. ஞாயிறு வகுப்புப் பிள்ளைகள் நூற்றுக்கணக்கில் நின்று பார்த்தார்கள். ஏசு பிறந்த நாளைப் புறச்சமயத் திருவிழாவாக்கிவிட்டார் என்பது தாத்தாமேல் குற்றச்சாட்டு. மறுநாளே அதே ஊரில் நகரமன்றக் கூரைமேல் தாத்தா உயிர்த்தெழுந்துவிட்டார்.

இதைப் பற்றி 1952இல் கிளாத் லெவிஸ்ட்ராஸ் ஒரு கட்டுரை எழுதினார். குழந்தைகளுக்கு இந்தத் தாத்தாவை ஏன் பிடிக்கிறது என்று அவர் கேட்கவில்லை. பெரியவர்களுக்கு இவரை உண்டாக்க வேண்டிய அவசியம் ஏன் வந்தது என்று கேட்டார். தெய்வத்திலிருந்து தாத்தா வேறுபடும் இடம் ஒன்றுதான்: பெரியவர்கள் இவரை நம்புவதில்லை, பிள்ளைகளை மட்டும் நம்பவைக்கிறார்கள். ரகசியம் தெரிந்தவர், தெரியாதவர் என்று வயதை வைத்துப் பிரிக்கிற கோடு இது. அமெரிக்கத் தென்மேற்கின் புவெப்லோ பழங்குடிகளிடம் முகமூடி அணிந்து ஆடிவரும் கச்சினா தெய்வங்களையும் அவர் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். முகமூடிக்குள் இருப்பவர் சொந்தக்காரர்தான் என்பது பிள்ளைகளுக்கு வளர்ந்த பிறகே தெரியவரும்.

3

இந்தக் கோட்டை எங்கள் கரிசலில் போட்டால் நேராக விழாது. குமாரலிங்கபுரம் பக்கம் கிறிஸ்துமஸ் தாத்தா வந்தது நேற்று. அதற்கு முந்தி ராத்திரியில் வந்தவர் அய்யனார். குதிரையேறிக் கம்மாக்கரையைச் சுற்றிக் காவல் காப்பார். எதிரே போகக் கூடாது. பழைய ராமநாதபுரம் மாவட்டத்தில் புரவியெடுப்பு நடக்கிற ஊர்களில், கண் திறந்த மண்குதிரையைப் பிள்ளைகள் வாய்பிளந்து பார்க்கும்.

'அப்பத்தா, அய்யனாரு நெசமாவே இதுல ஏறி வர்றாரா?' என்று கேட்டிருக்கிறேன். 'வந்தா வருவாரு, வராட்டி இருப்பாரு. நீ கால நீட்டிப் படுய்யா.' அப்பத்தா பொய் சொல்லவில்லை. அவளுக்கே பாதி நம்பிக்கை, பாதி கதை. மண் பிசைந்த வேளாரைப் பிள்ளைக்கும் தெரியும். மறைக்க ரகசியம் இல்லை.

வயதுக் கோடு இல்லை என்பதால் கோடே இல்லை என்று மயங்க வேண்டாம். குதிரையை யார் தூக்கலாம், முதல் மரியாதை யாருக்கு, ஊர்வலம் எந்தத் தெருவோடு திரும்பிவிடும் என்பதிலெல்லாம் சாதிக் கோடு இருந்தது. நாட்டார் மரபைக் கொண்டாடும் நண்பர்கள் இந்த இடத்தை மட்டும் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

4

பயமுறுத்துகிற உருக்களின் கணக்கு தனி. உங்கள் ஊரில் முனி எங்கெங்கே இருந்தது என்று பட்டியல் போட்டுப் பாருங்கள். எங்கள் பட்டியல்: காய்க்கிற புளியமரம், கமலைக் கிணறு, பெரிய வீட்டுத் தோப்பு. யாருக்கும் உதவாத உடைமரத்தில் முனி இருந்ததாக நான் கேட்டதில்லை. சம்பளம் வாங்காத காவல்காரன் இந்த முனி. கைப்பிடிச் சுவர் இல்லாத கிணற்றிலிருந்து சில பிள்ளைகளைக் காப்பாற்றியும் இருக்கும். சுவர் எடுக்கிற செலவும் மிச்சம்.

இதே அருப்புக்கோட்டைப் பக்கத்துச் சுக்கிலநத்தத்தில்தான் 1928இல் பெரியார் முதல் சுயமரியாதைத் திருமணத்தை நடத்திவைத்தார். புரோகிதர் இல்லை, மந்திரம் இல்லை. 1931இல் விருதுநகரில் சுயமரியாதை மாநாடு கூடியது. 1961இல் வந்த 'அரசிளங்குமரி' படத்தில், மரத்துப் பேய்க்கதையை நம்பாதே என்று சிறுவனுக்குப் புத்தி சொல்லும் பாட்டை எழுதினார் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம். மேடை மாறியது. வீட்டுக்குள் சோறூட்டும் நேரம் மாறவில்லை. அந்த வேலையை முழுக்கப் பொம்பளைக தலையில் கட்டிவிட்டு, 'ஏன் பூச்சாண்டி காட்டுற?' என்று கேட்ட பகுத்தறிவு அப்பாக்களை நான் பார்த்திருக்கிறேன். களையெடுத்துக் களைத்து வந்தவளுக்குக் கிடைத்த ஒரே ஆள்துணை பூச்சாண்டிதான்.

5

1970, 80களில் சிவகாசி, சாத்தூர் வட்டாரத் தீப்பெட்டி ஆலைகளின் பஸ்கள், விடியுமுன்னே கிராமங்களுக்கு வந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போயின. பொழுது சாய்ந்த பிறகு கொண்டுவந்து விட்டன. மழை பொய்த்த வருஷங்களில் அந்தக் கூலியில்தான் உலை கொதித்தது. 'ராத்திரி வாசலுக்குப் போகாதே, முனி அடிச்சிரும்' என்று சொல்லி வளர்த்த அதே பிள்ளைகளை, முனி நடமாடுவதாகச் சொன்ன அதே நேரத்தில் உசுப்பிவிட்டுப் பஸ் ஏற்றினார்கள். எந்த முனியும் பஸ்ஸை மறிக்கவில்லை. அய்யனாரும் குதிரையைக் குறுக்கே நிறுத்தவில்லை. தோப்புக்குக் காவல் இருந்த கதை பிள்ளைக்குக் காவல் இருக்கவில்லை.

1986ஆம் ஆண்டுச் சட்டம் 14 வயதுக்குட்பட்டவர்களைத் தீப்பெட்டி, பட்டாசுத் தயாரிப்பில் வைக்கக் கூடாது என்றது. குடும்பத்தோடு செய்கிற வேலைக்கு விலக்கும் தந்தது. 1996 டிசம்பரில் எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம், சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது. சட்டமும் இயக்கங்களும் பள்ளிக்கூடமும் செய்த காவலில் கொஞ்சத்தைக்கூட நம் கதைகள் செய்யவில்லை.

6

எனவே தோழரே, நெசமா பொய்யா என்று பார்க்குமுன் இந்தக் கதை யாருக்காக உழைக்கிறது என்று பாருங்கள். பயமுறுத்தி அடக்குகிற கதை எதுவும் வேண்டாம். மிட்டாய் தருகிற தாத்தா வந்துவிட்டுப் போகட்டும். ஆனால் பிள்ளை 'நெசமா?' என்று கேட்கிற அன்றைக்கு மழுப்பாதீர்கள். நோட்டுக்குள் மயிலிறகு குட்டி போடும் என்று எந்தப் பெரியவரும் எங்களுக்குச் சொல்லவில்லை. நாங்களே நம்பினோம், தினமும் திறந்து பார்த்தோம், நாங்களே விட்டுவிட்டோம். அப்படித் திறந்து பார்க்கிற உரிமை பிள்ளைக்கு இருக்க வேண்டும்.

தோழர் மகளிடம், 'உனக்கு என்ன தோணுது?' என்று திருப்பிக் கேட்டாராம். 'தாத்தா கால்ல கெடந்தது பி.டி. சார் செருப்புப்பா' என்றதாம் பிள்ளை.

அதிகாலைப் பஸ் ஏறிப்போனவர்கள் இன்று தாயும் தகப்பனுமாக, சிலர் தாத்தா பாட்டியாகவும் இருக்கிறார்கள். தங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு அவர்கள் என்ன கதை சொல்கிறார்கள் என்று யாராவது போய் உட்கார்ந்து கேட்டு எழுத வேண்டும்.